முப்பது டிகிரியில் ஒரு பிறந்தநாள்

பாட்டியின் 80வது பிறந்தநாளுக்கு நான் எடுத்த படங்களில் மல்லிகைப்பூ இளஞ்சிவப்பாக இருந்தது. அன்று காலை காம்பல் லேன் பூக்கடையில் நானே பார்த்து வாங்கிய வெள்ளை மல்லிகை அது. பாட்டிக்குப் பக்கத்தில் நின்ற அம்மாவின் தலைமுடியிலோ பாசி படர்ந்ததுபோல ஒரு பச்சை. முகங்களைப் பார்த்தால் எல்லாரும் காய்ச்சலோடு வந்து கேக் வெட்டியதுபோல் இருந்தது. மொத்தம் 36 படங்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

கேமராமீது குற்றமில்லை. சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன் அங்கே பேரம் பேசி வாங்கிய பழைய கேமரா. இன்றுவரை என்னை ஏமாற்றியதில்லை. படச்சுருளும் புதியதுதான். அதைக் கழுவியவர்தான் சரியில்லை. கழுவியது நான்.

கைப்பேசியில் ஒரே நாளில் நூறு படம் எடுக்கிற காலத்தில் யார் ஃபிலிம் போடுகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். சனிக்கிழமை பெனின்சுலா பிளாசா பக்கம் போய்ப் பாருங்கள். பல்கலைக்கழக மாணவர்களும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும் பழைய கேமராக்களைக் காதருகே வைத்துக் கிளிக் சத்தம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களில் சிலர் அடுத்த கட்டத்துக்கும் போகிறார்கள்: படத்தை வீட்டிலேயே கழுவுவது. சுருள் விலை ஏறிவிட்டது, கழுவும் கூலியாவது மிஞ்சட்டும் என்பது ஒரு காரணம். ஈரச்சுருளைத் தொட்டியிலிருந்து உருவி வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கும் அந்த ஒரு நொடி இன்னொரு காரணம். நானும் அந்த நொடியில் விழுந்தவள்தான்.

கறுப்பு வெள்ளைப் படம் கழுவுவது எளிது. வண்ணப் படத்தைத் தொட்டதும் எல்லாரையும் பயமுறுத்துவது ஓர் எண்: 37.8.

வண்ண நெகட்டிவ் கழுவ உலகம் முழுவதும் கையாளப்படும் முறைக்கு சி-41 என்று பெயர். கோடாக் நிறுவனம் 1972ல் கொண்டுவந்தது. அதன்படி டெவலப்பர் 37.8 டிகிரி செல்சியசில் இருக்க வேண்டும். சுருள் அதில் 3 நிமிடம் 15 விநாடி ஊற வேண்டும். ஏறினாலும் இறங்கினாலும் 0.15 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஆய்வகத்தில் அதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். வீட்டில், பிளாஸ்டிக் தொட்டியும் வாளியுமாக உட்கார்ந்திருப்பவருக்கு அது கயிற்றின்மேல் நடப்பதுபோலத்தான்.

எதற்கு இவ்வளவு கெடுபிடி? வண்ணச்சுருளில் அடுக்கடுக்காகப் படலங்கள் உண்டு. மேலே நீல ஒளியை உணர்வது, நடுவில் பச்சையை உணர்வது, அடியில் சிவப்பை உணர்வது. டெவலப்பர் மேலிருந்து உள்ளே இறங்கி, ஒளி பட்ட வெள்ளி உப்பை வெள்ளியாக மாற்றும். அப்போது பிறக்கும் வேதிப்பொருள் அந்தந்தப் படலத்தில் காத்திருக்கும் இன்னொரு பொருளோடு சேர்ந்து சாயமாகும்: மேலே மஞ்சள், நடுவே மெஜந்தா, அடியில் சயான். பிறகு பிளிக்ஸ் எனப்படும் கரைசல் வெள்ளியை முழுவதும் கரைத்து எடுத்துவிடும். கடைசியில் சுருளில் நிற்பது சாயம் மட்டும்தான்.

மூன்று படலங்களும் ஒரே நேரத்தில் வேலையை முடிக்க வேண்டும். 37.8 டிகிரியில் அப்படி முடியும்படிதான் சுருளையே தயாரித்திருக்கிறார்கள். சூடு குறைந்தால் வேலை மெதுவாகும். ஆனால் மூன்றும் ஒரே அளவில் மெதுவாகாது. மேல் படலம் முந்தும், அடிப்படலம் பிந்தும். படம் முழுவதும் ஒரே நிறம் ஏறியிருந்தால் கணினியில் சரிசெய்துவிடலாம். வெளிச்சமான இடத்தில் ஒரு நிறமும் இருண்ட இடத்தில் அதற்கு எதிர்நிறமும் ஏறினால்தான் தலைவலி. மல்லிகையைச் சரிசெய்தால் கூந்தல் இன்னும் பச்சையாகும்; கூந்தலைச் சரிசெய்தால் மல்லிகை ரோஜாவாகும். நான் இரண்டு இரவு உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

அப்படியானால் குறைந்த சூட்டில் கழுவவே கூடாதா? கழுவலாம். வீட்டு உபயோகத்துக்கென்று விற்கப்படும் கலவைகள் சிலவற்றின் கையேட்டிலேயே 30 டிகிரிக்கு 8 நிமிடம் என்று ஒரு வரி இருக்கும். குளிர்நாட்டில் இருப்பவருக்கு அது ஒரு சலுகை. நமக்கோ அது வீட்டுக் குழாய்த் தண்ணீர். ஒரு பிற்பகல் இரண்டு மணிக்கு எங்கள் வீட்டுக் குழாயடியில் வெப்பமானியை நீட்டினேன், 29.5 காட்டியது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சி-41க்கு முன்னால் இருந்த சி-22 முறைக்கு வேண்டிய வெப்பநிலை 24 டிகிரி. கறுப்பு வெள்ளைக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது 20. இவை இரண்டுக்கும் சிங்கப்பூரில் தண்ணீரைக் குளிரவைக்க வேண்டும். நானே ஐஸ் கட்டி போட்டிருக்கிறேன். சி-41 வந்ததும் நிலைமை தலைகீழ்: இப்போது சூடாக்க வேண்டும். ஒன்று நமக்குக் கீழே, ஒன்று நமக்கு மேலே. நம் ஊர்த் தண்ணீரை நினைத்து யாரும் விதி எழுதவில்லை.

தமிழகத்திலும் ஃபிலிமுக்கும் வெப்பத்துக்கும் ஒத்துப்போனதில்லை. இந்திய அரசு 1960ல் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியபோது அதற்கு இடம் பார்த்தது உதகமண்டலத்தில். குளிர்ந்த, தூசி குறைந்த மலைக்காற்று வேண்டியிருந்தது. ‘இந்து’ என்ற பெயரில் அங்கிருந்து வந்த கறுப்பு வெள்ளைச் சுருளில் படம் எடுத்த குடும்பங்கள் ஏராளம். ஊட்டிக்கு ஏற முடியாத நாமோ, இருக்கிற சூட்டோடு சமாதானமாகப் போக வேண்டியதுதான்.

அந்தச் சமாதானம் 30 டிகிரியில் சாத்தியம். அதில் ஆதாயமும் இருக்கிறது. 3 நிமிடம் 15 விநாடி என்றால் 195 விநாடி. ஊற்றி வடிப்பதில் 15 விநாடி தவறினால் கிட்டத்தட்ட 8 விழுக்காடு பிழை. 8 நிமிடத்தில் அதே 15 விநாடி தவறினால் 3 விழுக்காடுதான். கை நடுங்கும் புதியவருக்கு இது பெரிய ஆறுதல். அறையின் சூடும் கரைசலின் சூடும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் தொட்டி சட்டென்று ஆறிப்போவதும் இல்லை.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்ட தைரியத்தில்தான் பாட்டியின் பிறந்தநாள் சுருளை எடுத்தேன். அதற்கு முன் நான் கழுவியிருந்தது இரண்டே வண்ணச் சுருள்கள், இரண்டும் சமையலறையில், ஜன்னலைத் திறந்துவைத்து. அன்று வெயில் கடுமை. சுருளை இருட்டில் தொட்டிக்குள் ஏற்றுவதற்கு வீட்டுப் பாதுகாப்பு அறைக்குள் போனேன். வீவக வீட்டில் அந்த இரும்புக் கதவு அறையைவிட நல்ல இருட்டறை கிடையாது. அரிசி மூட்டைக்கும் பழைய மின்விசிறிக்கும் நடுவில் இடம் இருந்தால் போதும். வெளியே வந்தபோது உடம்பெல்லாம் வேர்வை. படுக்கையறையில் குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன்.

தவறு அங்கேதான் நடந்தது.

டெவலப்பரை ஊற்றும்போது வெப்பமானி சரியாக 30 காட்டியது. ஆனால் தொட்டியும் சுருளும் அந்த அறையில் அரைமணி நேரமாகக் குளிர்ந்து கிடந்தன. ஊற்றியவுடனேயே சூட்டில் ஒரு பங்கை அவை உறிஞ்சிக்கொண்டன. மீதியைக் குளிரூட்டிக் காற்று பார்த்துக்கொண்டது. 8 நிமிடம் கழித்து வடித்தபோது வெப்பமானியில் 27. ஆக, அந்தச் சுருள் 30 டிகிரியிலும் கழுவப்படவில்லை, 27 டிகிரியிலும் கழுவப்படவில்லை. போகிற போக்கில் எங்கோ கழுவப்பட்டது.

நெகட்டிவை அம்மாவிடம் காட்டினேன். இதில் அம்மாவிடம் சும்மா காட்ட முடியாது. 1980களின் பிற்பகுதியில், ஒரு மணி நேரத்தில் படம் தருகிறோம் என்று பேட்டைக்குப் பேட்டை கடைகள் இருந்த காலத்தில், சிராங்கூன் சாலையில் அப்படி ஒரு கடையில் ஐந்தாண்டு வேலை பார்த்தவர். சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒரு முறை பார்த்தார்.

“மெல்லிசா இருக்கு. சூடு பத்தல.”

“30 வெச்சுதாம்மா ஊத்துனேன்.”

“ஊத்தும்போது 30. அப்புறம்?”

நான் பதில் சொல்லவில்லை.

“டெஸ்ட் பண்ணினியா?”

“எதை?”

அம்மா உட்கார்ந்தார். “காலையில கடை திறந்ததும் மெஷின்ல மொதல்ல ஒரு துண்டு ஃபிலிம் போடுவோம். கம்பெனியிலேயே வெளிச்சம் காட்டி அனுப்புற துண்டு. அது வெளிய வந்ததும் அளந்து பார்த்து, சுவத்துல மாட்டியிருக்கிற தாள்ல புள்ளி வெப்போம். புள்ளி கோட்டைத் தாண்டிப் போச்சுன்னா, சரி பண்ற வரைக்கும் வாடிக்கையாளர் ஃபிலிம் ஒண்ணைக்கூட தொட மாட்டோம். வரிசையில எத்தனை பேர் நின்னாலும் சரி.”

“ஒரு நாள் கொஞ்சம் மாறினா என்னம்மா?”

“ஒவ்வொரு உறையிலயும் யாரோ ஒருத்தரோட கல்யாணம் இருக்கும். பிள்ளைக்கு மொட்டை போட்டது இருக்கும். திரும்ப எடுக்கச் சொல்ல முடியுமா?”

37.8 என்ற எண்ணை அதுவரை நான் ஒரு தொழில்நுட்பக் கட்டளையாகத்தான் பார்த்திருந்தேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவருக்கு அது வேறாக இருந்திருக்கிறது. அடுத்தவர் வீட்டு விசேஷம் கையில் இருக்கிறது என்ற பயம் அது. நான் என் வீட்டு விசேஷத்தையே அந்தப் பயம் இல்லாமல் தொட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் அம்மா சொன்னபடி செய்தேன். கம்பெனித் துண்டுக்குப் பதிலாக எனக்குக் கிடைத்தது கெர்பாவ் ரோட்டில் இருக்கும் தான் தெங் நியா வீடு. 1900ல் கட்டப்பட்ட சீன மாளிகை. இன்று லிட்டில் இந்தியாவுக்கு வருகிற சுற்றுப்பயணிகள் அத்தனை பேரும் முன்னால் நின்று படம் எடுக்கிற வீடு. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஒரே சுவரில் எல்லா நிறமும் இருக்கும். இரண்டு சுருள்களில் அதே இடத்திலிருந்து, அதே வெயிலில், அதே படங்களை எடுத்தேன். ஒன்றை ஆய்வகத்துக்குக் கொடுத்தேன். மற்றதை வீட்டில் 30 டிகிரியில் கழுவினேன்.

இந்த முறை குளிரூட்டி இல்லை, எதிரே மின்விசிறிகூட இல்லை. பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, கரைசல் பாட்டில்களையும் கழுவும் தொட்டியையும் அரைமணி நேரம் அதற்குள் நிற்க வைத்தேன். குழாய்த் தண்ணீர் 29.5 என்பதால் ஒரு கோப்பை வெந்நீர் போதுமாக இருந்தது. மீன் தொட்டிக்குப் போடும் சிறிய சூடேற்றிகூட 30 டிகிரியைப் பிடித்து நிறுத்தும், 37.8க்குத்தான் அது உதவாது. டெவலப்பருக்கு முன்னால், அதே சூட்டுத் தண்ணீரை ஒரு நிமிடம் தொட்டிக்குள் ஊற்றி வடித்தேன். சுருளும் தொட்டியும் அதில் சூடேறிவிடும். போன முறை நான் விட்ட படி இதுதான். பிறகு டெவலப்பர். இடையிடையே தொட்டியைக் கவிழ்த்து நிமிர்த்திய நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அது தண்ணீருக்குள்ளேயே நின்றது. வடித்தபோது 29.8.

அதற்கடுத்த பிளிக்ஸ் கட்டத்தில் இவ்வளவு பதற்றம் வேண்டாம். டெவலப்பர் என்பது பாதியில் நிறுத்தப்படும் வேலை. எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் படமே இருக்கிறது. பிளிக்ஸ் முழுவதும் முடிய வேண்டிய வேலை. நேரத்தைக் குறைக்காமல் இருந்தால் போதும், இரண்டு டிகிரி இறங்கினால் எதுவும் கெடாது. ஆகவே உங்கள் கவனம் முழுவதையும் அந்த முதல் 8 நிமிடத்துக்குக் கொடுங்கள். அந்த 8 நிமிடமும் எல்லாக் கலவைக்கும் பொது அல்ல. உங்கள் கலவையின் கையேட்டில் 30 டிகிரிக்கு என்ன நேரம் போட்டிருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். 30 என்ற வரியே இல்லையென்றால் துணிய வேண்டாம்.

இரண்டு சுருள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். ஆய்வகத்தின் சுருளில் ஜன்னலுக்குக் கீழ் நிழல் சுத்தமான சாம்பல். என்னுடையதில் அதே நிழலில் ஊதா லேசாக எட்டிப் பார்த்தது. மற்றபடி சிவப்பு சிவப்பாகவும் மஞ்சள் மஞ்சளாகவும் இருந்தன. அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “தெரு படத்துக்குப் போதும்” என்றார். அவரிடமிருந்து அது பெரிய சான்றிதழ்.

நீங்களும் முயல நினைத்தால் இன்னும் இரண்டு விஷயம். முதலாவது, கை. வண்ண டெவலப்பர் சிலருக்குத் தோல் அரிப்பையும் ஒவ்வாமையையும் தரும். கையுறை கட்டாயம், காற்றோட்டம் கட்டாயம். சமையலறை அளவுக் கோப்பையை இதற்கு எடுத்தால் அதைத் திரும்பச் சமையலுக்குக் கொண்டுபோகக் கூடாது. பாட்டிலில் பெரிய எழுத்தில் பெயர் எழுதுங்கள். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இரண்டாவது, தண்ணீர். பயன்படுத்திய பிளிக்சில் சுருளிலிருந்து கரைந்த வெள்ளி இருக்கும். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நுண்ணுயிர்களுக்கு அது நஞ்சு. நம் வீட்டுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அதில் ஒரு பகுதி 2003 முதல் நியூவாட்டராகத் திரும்பி வருகிறது. தொட்டியில் ஊற்றிவிட்டால் ஒழிந்தது என்று இந்த ஊரில் சொல்ல முடியாது. தீர்ந்த கரைசலைப் பாட்டிலில் சேர்த்துவைத்து, வாங்கிக்கொள்ளும் ஆய்வகத்திடமோ உரிமம் பெற்ற நச்சுக் கழிவு நிறுவனத்திடமோ கேட்டு ஒப்படையுங்கள். கலவை வாங்குவதற்கு முன்பே இதைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பிறந்தநாள் படங்களுக்கு வருகிறேன். அவற்றின் நிறத்தை மீட்க முடியவில்லை. கடைசியில் கணினியில் நிறத்தை முழுவதுமாக எடுத்துவிட்டு, கறுப்பு வெள்ளையாக்கி, ஒரு படத்தை அச்சிட்டுப் பாட்டியிடம் கொண்டுபோனேன். என்ன நடந்தது என்று மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு கூடத்துச் சுவரைக் காட்டினார். அங்கே பாட்டியின் கல்யாணப் படம் தொங்குகிறது, கறுப்பு வெள்ளை. அதில் இருப்பது வெள்ளி. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் தாத்தாவின் மீசையில் ஒரு முடிகூட மங்கவில்லை. அதற்குப் பக்கத்தில் அம்மாவின் கல்யாணப் படம், வண்ணம். சாயம் மங்கி, மாலை, பட்டு, மாப்பிள்ளை எல்லாரும் ஒரே செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டார்கள்.

“அதுக்கும் இதுக்கும் பொருத்தமாத்தான் இருக்கு” என்றார் பாட்டி, தன் கல்யாணப் படத்தையும் என் அச்சையும் மாறி மாறிக் காட்டி. “ஆனா நான் அன்னிக்கு மாம்பழக் கலர் பட்டு கட்டியிருந்தேனே, அது யாருக்குத் தெரியும்?”

எனக்கு அந்தக் கேள்வி போதும். போன ஞாயிற்றுக்கிழமை பாட்டி மறுபடியும் அந்தப் பட்டைக் கட்டிக்கொண்டார். நான் காம்பல் லேனுக்குப் போய் மறுபடியும் மல்லிகை வாங்கி வந்தேன். கேக் இல்லை, கூட்டம் இல்லை. ஜன்னல் ஓரத்தில் நாற்காலி போட்டு ஒரே ஒரு சுருள் எடுத்தேன். பிறந்தநாள் திரும்பி வராது என்று எனக்கும் தெரியும், பாட்டிக்கும் தெரியும். பட்டின் நிறமாவது இருக்கட்டும்.

தெருவில் எடுக்கும் படங்களை இனிமேலும் 30 டிகிரியில் நானேதான் கழுவப் போகிறேன். தேக்கா சந்தையும் பஃபலோ ரோட்டுக் காய்கறிக் கூடைகளும் நாளைக்கும் அங்கேயே இருக்கும். நிழலில் கொஞ்சம் ஊதா ஏறினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பாட்டியின் சுருளை மட்டும் திங்கட்கிழமை ஆய்வகத்தில் கொடுத்தேன். அங்கே கொடுத்த உறையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிக்கொண்டிருந்தபோது, கூட வந்த அம்மா கவுண்டருக்கு மேல் எட்டி, உள்ளே இருந்த இளைஞரிடம் கேட்டார்:

“தம்பி, இன்னிக்குக் காலையில டெஸ்ட் துண்டு போட்டீங்களா?”

அவர் சிரித்தார். “போட்டாச்சு ஆன்ட்டி.”

அதற்குப் பிறகுதான் அம்மா உறையைக் கொடுக்கவிட்டார்.